சிரித்த இடத்திற்குத் திரும்பிச் செல்லுதல்: அவல நகைச்சுவைப் படங்களில் நம்பத்தகாதவர்களைப் படிக்கும் முறை

நீலி கதையை வில்லுப்பாட்டில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, நம்பத்தகாத ஒருவர் கதைக்குள் எப்படி நடமாடுவார் என்பதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வணிகன் ஒருவனைப் பின்தொடர்ந்து வந்து, அவன் தன் கணவன் என்றும் தன்னைக் கைவிட்டு ஓடுகிறான் என்றும் ஊர்ப் பெரியவர்களிடம் அவள் அழுது முறையிடுகிறாள். உயிருக்கு அஞ்சி நடுங்கும் வணிகனோ, இவள் பெண்ணல்ல, பேய் என்கிறான். அவன் சொல்வது உண்மை. ஆனால் அது சித்தம் கலங்கியவனின் பேச்சைப் போல ஒலிக்கிறது. அவள் சொல்வது பொய்; ஆனால் கண்ணீரும் கைக்குழந்தையும் அதற்குச் சாட்சியாக நிற்கின்றன. பெரியவர்கள் அவளை நம்புகிறார்கள், வணிகன் சாகிறான், 'நீலிக் கண்ணீர்' என்ற சொல் நம் பேச்சில் நிலைத்துவிடுகிறது.

இந்தக் கதையைக் கேட்பவர் ஒருபோதும் ஏமாறுவதில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். வில்லின் முன் அமர்ந்திருக்கும் புலவர் அவள் யார், அந்தக் குழந்தை எது என்பதையெல்லாம் முன்பே பாடிவிடுகிறார். நமக்குத் தெரியும், பெரியவர்களுக்குத் தெரியாது. டார்க் காமெடி என்று பரவலாக அழைக்கப்படும் அவல நகைச்சுவைப் படங்களில் பொருள்மயக்கத்தோடு எடுக்கப்பட்டவை இந்த வசதியைப் பறித்துக்கொள்கின்றன. அவை பார்வையாளரையே ஊர்ப் பெரியவர்களின் திண்ணையில் உட்கார வைத்து, அழுகிறவள் ஒருத்தி, நடுங்குகிறவன் ஒருவன் என்ற இரண்டை மட்டும் காட்டி, தீர்ப்பை நம்மிடமே விடுகின்றன. அப்படிப்பட்ட படங்களை எப்படிப் பார்ப்பது, எதைக் குறித்துக்கொள்வது, எந்த இடத்தில் முடிவு சொல்லாமல் நிறுத்திக்கொள்வது என்பதை, நாகர்கோவிலில் ஒரு நண்பரின் வீட்டு மாடியில் மாதம் ஒருமுறை ஏழெட்டுப் பேராகச் சேர்ந்து படம் பார்த்து விவாதித்ததில் நான் கற்றுக்கொண்ட அளவில் எழுதுகிறேன்.

நான் கற்றவற்றுள் முதன்மையானது இது: இவ்வகைப் படங்களில் நாம் ஏமாறும் இடமும் நாம் சிரிக்கும் இடமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. சிரிக்கும்போது நாம் ஒரு பாத்திரத்தோடு சேர்ந்துகொள்கிறோம், சேர்ந்துகொண்டவரிடம் யாரும் சான்று கேட்பதில்லை. நம் மரபும் இந்தப் பழக்கத்தை வளர்த்திருக்கிறது. தோல்பாவைக் கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து பேசுவதெல்லாம் வேடிக்கையாக இருந்தாலும், ஊரில் எவரும் வாய்திறந்து சொல்லாத உண்மைகள் அந்த வேடிக்கைக்குள்ளிருந்தே வெளிவரும். 1908-இல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த என். எஸ். கிருஷ்ணனின் நகைச்சுவையும் அந்த வழியில் வந்ததுதான். சிரிக்க வைக்கிறவர் நமக்கு நல்லதைச் சொல்கிறவர் என்ற நம்பிக்கையை அவர் தம் வாழ்நாள் முழுவதும் காப்பாற்றினார். ஆகவே, திரையில் நம்மைச் சிரிக்க வைக்கும் ஒருவரை உண்மை பேசுபவராகக் கொள்வது தமிழ்ப் பார்வையாளருக்கு இயல்பாகவே வருகிறது. அவல நகைச்சுவைப் படத்தை எடுப்பவர் இந்த நம்பிக்கையை நன்கு அறிந்தே பொய்யரின் வாயில் நல்ல நகைச்சுவையை வைக்கிறார்.

எனவே, முதல் முறை பார்க்கும்போது ஆராய முயலாதீர்கள். படத்தை அதன் போக்கில் விட்டுவிட்டு, நீங்கள் வாய்விட்டுச் சிரித்த இடங்களின் நேரத்தை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பத்துப் பன்னிரண்டு குறிப்புகள் கிடைத்தால் போதும். வேறு எதையும் எழுத வேண்டாம். எழுதத் தொடங்கினால் சிரிப்பு நின்றுவிடும், சிரிப்பு நின்றுவிட்டால் இந்த முறைக்கு வேண்டிய மூலப்பொருளே இல்லாமல் போய்விடும்.

இரண்டாம் முறைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். பக்கத்தை மூன்றாகப் பிரித்து, எவருடைய நினைவாகவும் கூற்றாகவும் இல்லாமல் கேமரா தானே காட்டியதை முதல் பத்தியிலும், ஒரு பாத்திரம் வாயால் சொல்லியதை இரண்டாவதிலும், ஒரு பாத்திரத்தின் நினைவாகவோ கற்பனையாகவோ காட்சிப்படுத்தப்பட்டதை மூன்றாவதிலும் எழுதுங்கள். பார்ப்பவர்கள் மிக அதிகமாக வழிதவறுவது இந்த மூன்றாவது பத்தியில்தான். பின்னோக்குக் காட்சி படமாக இருப்பதால் அதை நாம் முதல் பத்தியில் சேர்த்துவிடுகிறோம். கண்ணால் பார்த்துவிட்டோம் என்ற நினைப்பு அவ்வளவு வலிமையானது. உண்மையில் அது படமாக்கப்பட்ட வாக்குமூலம் மட்டுமே. சொல்கிறவரின் நலன், மறதி, வெட்கம் அனைத்தும் அதில் கலந்திருக்கும்.

தமிழ்த் திரை இதை வெகு காலத்திற்கு முன்பே செய்து பார்த்துவிட்டது. 1954-இல் எஸ். பாலசந்தர் இயக்கத்தில் ஏவி.எம். நிறுவனம் பாடல்களே இல்லாமல் எடுத்த 'அந்த நாள்', 1943-ஆம் ஆண்டுச் சென்னையில் சுட்டுக்கொல்லப்பட்ட ஒரு ரேடியோ பொறியாளரைப் பற்றியது. விசாரிக்கப்படும் ஒவ்வொருவரும் வேறொருவர் மீது சந்தேகம் விழும்படி ஒரு கதை சொல்கிறார்கள், அவை ஒவ்வொன்றும் நம் கண்முன் காட்சியாக விரிகின்றன. அதற்கு நான்காண்டுகள் முன்பு வந்த அகிரா குரோசாவாவின் 'ராஷோமோன்' படத்தில், காட்டில் நடந்த ஒரு கொலையைக் கொள்ளையன், கொல்லப்பட்டவரின் மனைவி, ஆவியாக வந்து பேசும் கொல்லப்பட்டவர், விறகுவெட்டி ஆகிய நால்வரும் நான்கு விதமாகச் சொல்கிறார்கள். இவை இரண்டும் அவல நகைச்சுவைப் படங்கள் அல்ல. ஆயினும் 'ராஷோமோன்' படத்தின் விறகுவெட்டியிடமிருந்து நம் வேலைக்கு மிகவும் பயன்படும் ஒரு பாடம் கிடைக்கிறது. எந்தப் பக்கமும் சேராதவராகத் தோன்றுவதால் அவர் சொல்வதை நாம் நம்பத் தொடங்கும்போது, அவர் பேச்சில் விலைமதிப்புள்ள குறுவாள் ஒன்று மட்டும் காணாமல் போயிருப்பது சுட்டிக்காட்டப்படுகிறது. அதை எடுத்துக்கொண்டவர் அவரே. ஆகவே, ஒருவர் சொல்வதில் எது முரண்படுகிறது என்று தேடுவதோடு, எந்தப் பொருளைப் பற்றி அவர் பேசவே இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பல நேரங்களில் இரண்டாவது கேள்விதான் விடை தருகிறது.

நம்பத்தகாதவர் என்றால் பொய்யர் என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. தெரிந்தே பொய் சொல்பவர், தனக்குத்தானே பொய் சொல்லிக்கொள்பவர், அரைகுறையாக அறிந்ததை முழுதாகச் சொல்பவர் ஆகியோரைத் தனித்தனியே பிரித்துப் பார்க்க வேண்டும். 2013-இல் நலன் குமாரசாமி இயக்கிய 'சூது கவ்வும்' படத்தில், விஜய் சேதுபதி ஏற்ற தாஸ் என்ற பாத்திரத்தின் கண்ணுக்கு ஷாலு என்ற பெண் தெரிகிறாள், நமக்கும் தெரிகிறாள், மற்றவர்களுக்குத் தெரிவதில்லை. அவள் அவருடைய மனத்தில் மட்டும் வாழ்பவள் என்பதைப் படம் மறைப்பதில்லை. இத்தகைய ஒரு பாத்திரத்தை, அப்படி எதுவும் சொல்லாமல் ஒரு படம் நடமாட விட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தப் பாத்திரம் பேசும்போது அறையில் இருக்கும் வேறு எவராவது திரும்பிப் பார்க்கிறார்களா, அதன் கையிலிருந்து எவராவது ஒரு பொருளை வாங்குகிறார்களா என்று கவனியுங்கள். ஒருவர்கூட அதற்கு ஒரு தேநீர்க் கோப்பையை நீட்டவில்லை என்றால், அந்தப் பாத்திரத்தை மூன்றாம் பத்திக்கு மாற்றுங்கள்.

நம் குமரி மாவட்டத்தில் மலையாளப் படங்களை மொழிபெயர்ப்பு வரிகள் இல்லாமலேயே பார்ப்பவர்கள் ஏராளம். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் திரு-கொச்சியோடும் இருந்த நிலம் இது. களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்தில் இரு மொழிகளும் ஒரே திண்ணையில் புழங்குகின்றன. இந்தப் பேறு நம்பத்தகாத பாத்திரங்களைப் படிப்பதில் பெரிதும் உதவுகிறது. ஏனென்றால் பொய் முதலில் தெரிவது தொனியிலும் விளிப்பிலும்தான், மொழிபெயர்ப்பு வரிகள் இவ்விரண்டையும் உதிர்த்துவிடுகின்றன. 2017-இல் திலீஷ் போத்தன் இயக்கிய 'தொண்டிமுதலும் த்ரிக்சாக்ஷியும்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பேருந்தில் ஒரு பெண்ணின் சங்கிலியைத் திருடி விழுங்கிவிட்ட ஒருவன், காவல் நிலையத்தில் தன் பெயரைக் கேட்டபோது, புகார் கொடுத்த கணவனின் பெயரையே தன் பெயராகச் சொல்கிறான். அந்த இடத்தில் சிரிக்காதவர் எங்கள் மாடியில் எவரும் இல்லை. அவன் பெயருக்கு நம்மிடம் இருக்கும் ஆதாரம் அவன் வாய்மொழி மட்டுமே என்பதை அப்போது எவரும் நினைக்கவில்லை. பிறகு விவாதம் முழுவதும் அவனை அந்தப் பெயராலேயே குறிப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஃபகத் ஃபாசில் அந்தப் பெயரைச் சொல்லும் விதத்தில் குறும்பும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. இரண்டில் எதைக் கேட்கிறோமோ, அதைப் பொறுத்து நாம் அவனுக்குக் கொடுக்கும் நம்பிக்கையின் அளவு மாறுகிறது.

தனி மனிதர் மட்டுமின்றி, ஓர் ஊரே சேர்ந்து நம்பத்தகாத கதைசொல்லியாக மாறுவதும் உண்டு. லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 'ஈ.ம.யௌ.' (2018), செல்லானம் கடற்கரையில் ஒரு முதியவரின் சாவையும் அடக்கத்தையும் பற்றிய படம். அந்தச் சாவைப் பற்றிய சந்தேகம் வாய்க்கு வாய் வளர்ந்து, அடக்கத்தையே தடுக்கும் அளவுக்குப் பெருகுகிறது. குளச்சலிலோ முட்டத்திலோ ஒரு சாவு வீட்டின் முற்றத்தில் அரை நாள் நின்றவர்களுக்கு, அந்த வளர்ச்சி எத்தனை இயல்பானது என்பது புரியும். அத்தகைய படத்தில், ஒரு செய்தியை யார் சொன்னார் என்பதைவிட, அது எத்தனையாவது வாயிலிருந்து வந்தது என்பதை எழுதிவையுங்கள்.

இனி, கையில் வைத்துப் பயிற்சி செய்வதற்காக ஒரு காட்சியை நானே அமைத்துத் தருகிறேன். இது எந்தப் படத்திலும் இல்லாதது.

தோவாளையில் ஒரு பூ வியாபாரியின் வீடு. விடிவதற்கு முன் அவர் இறந்துவிட்டார். படத்தின் தொடக்கத்தில், எவருடைய கூற்றும் இல்லாமல், அவர் மனைவி அலமாரியைத் திறந்து கணக்கு நோட்டை எடுப்பதைக் கேமரா காட்டுகிறது. நோட்டில் ஒரு பக்கம் கிழிக்கப்பட்டிருக்கிறது. தைப்போடு ஒட்டி அதன் ஓரம் மட்டும் நிற்கிறது. அந்த இடத்தில் ஓர் அடகுச் சீட்டு செருகியிருக்கிறது: கைக்கடிகாரம் ஒன்று, சென்ற மாதத் தேதி. அவர் நோட்டை மூடி மீண்டும் வைத்துவிடுகிறார். பிறகு, இறந்தவரோடு சேர்ந்து வியாபாரம் செய்த கூட்டாளி மாலையோடு வருகிறார், பந்தலில் அமர்கிறார், சுற்றியிருப்பவர்களிடம் சொல்கிறார்: "நேத்து விடியக்காலம் சந்தையில வச்சு அண்ணாச்சி எங்கிட்ட என்ன சொன்னாரு தெரியுமா?" காட்சி விரிகிறது. சந்தையின் மங்கிய விளக்கொளியில் இறந்தவர் பிச்சிப்பூவை அளந்துகொண்டிருக்கிறார், மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தில் நேரம் பார்க்கிறார், கூட்டாளியின் தோளைத் தட்டுகிறார். "நமக்குள்ள என்ன கணக்கு மக்கா, அந்தப் பக்கத்தக் கிழிச்சுப் போட்டுருவோம். ஆனா சாக்குக்கு உண்டான காச மட்டும் தந்திரு." பந்தலில் எல்லோரும் சிரிக்கிறார்கள், கால் ரூபாய்க்கும் கணக்குப் பார்த்த மனிதர் அப்படித்தான் சொல்லியிருப்பார் என்று அவர்களுக்குத் தோன்றுகிறது. நாமும் சிரிக்கிறோம். அப்போது இறந்தவரின் மனைவி கூட்டாளியிடம் கட்டன் சாயாவை நீட்டிவிட்டு ஒன்றே ஒன்று கேட்கிறார்: "சாக்குக் காசு எங்க அண்ணாச்சி?"

சிரித்த இடத்திற்குத் திரும்பிச் செல்லுங்கள். இறந்தவரின் கையில் கடிகாரம் இருக்கிறது. சென்ற மாதமே அது அடகுக் கடைக்குப் போய்விட்டது. மீட்டிருந்தால் சீட்டைக் கடையில் திருப்பிக் கொடுத்திருப்பார், சீட்டோ வீட்டில் இருக்கிறது. ஆகவே 'நேற்று' நடந்ததாகக் காட்டப்பட்ட காட்சி, கூட்டாளியின் மனத்தில் உருவானது. இவ்வளவும் முதல் பத்தியில் உள்ள சான்றைக் கொண்டு உறுதியாகச் சொல்லக்கூடியது.

ஆனால் இங்கேதான் பலர் அவசரப்பட்டு, கூட்டாளி பொய்யர் என்று எழுதிவிடுகிறார்கள். பல ஆண்டுகள் கையில் கடிகாரத்தோடு பார்த்துப் பழகிய மனிதரை நினைவுகூரும்போது, இல்லாத கடிகாரத்தையும் மனம் சேர்த்துக்கொள்வது நேர்மையானவருக்கும் நேரும். நினைவு பிழையாக இருப்பதாலேயே நிகழ்வு பொய்யாகிவிடாது. கடன் தள்ளப்பட்டது உண்மையாகவும், கடிகாரம் மட்டும் மறதியாகவும் இருக்கலாம். கிழிந்த பக்கம் அதற்குச் சாதகமாகவே நிற்கிறது. எனினும் அதைக் கிழித்த கை எவருடையது என்பதைக் கேமரா காட்டவில்லை. இறந்தவரே கிழித்திருக்கலாம், அல்லது சந்தையில் நோட்டு கைக்கு எட்டிய ஒரு நேரத்தில் கூட்டாளி கிழித்துவிட்டு, இன்று அதற்கு ஏற்ற கதையைக் கொண்டுவந்திருக்கலாம். சாக்குக் காசைப் பற்றிய அந்த வரி கதைக்கு உயிர் கொடுக்கிறது. அது இறந்தவரின் உண்மையான குணம். நல்ல பொய்க்குள் இப்படி ஒரு துளி உண்மை இருக்கும் என்பதால், அந்த வரியை வைத்து எதையும் நிறுவ முடியாது.

இப்படி இரண்டு வாசிப்புகள் கிடைத்ததும், ஒவ்வொன்றும் எந்தெந்தக் காட்சிகளுக்கு விளக்கம் தருகிறது, எதை விளக்காமல் விட்டுவிடுகிறது என்று பாருங்கள். ஒரு வாசிப்பை ஏற்றால் முக்கியமான ஒரு காட்சி படத்தில் ஏன் இருக்கிறது என்பதே தெரியாமல் போனால், அந்த வாசிப்பு பலவீனமானது. இரண்டும் எல்லாக் காட்சிகளையும் தாங்கி நின்றால், அது இயக்குநர் வேண்டுமென்றே வைத்த பொருள்மயக்கம். அதை அவிழ்க்க முயல்வதைவிட, இரண்டையும் ஒருசேரக் கையில் வைத்திருப்பதே சரியான வாசிப்பு. 'எல்லாமே அவர் கண்ட கனவு' என்ற விளக்கத்தை நான் ஏற்பதில்லை. அது எந்தப் படத்திற்கும் பொருந்தும் என்பதால் எந்தப் படத்தையும் விளக்குவதில்லை. அதேபோல், ஒரு காட்சியில் சட்டை மாறியிருப்பதும், கோப்பையின் இடம் மாறியிருப்பதும் படப்பிடிப்பின் கவனக்குறைவாக இருக்கலாம். அந்தப் பொருளின் மீது கேமரா தனியாக நின்றதா, அல்லது வேறு எங்கேனும் அதே பொருள் மீண்டும் பேசப்பட்டதா என்று பார்த்து, இரண்டும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். மேலே உள்ள காட்சியில் கடிகாரம் அடகுச் சீட்டிலும் வருகிறது, மணிக்கட்டிலும் வருகிறது. அதனால்தான் அது சான்றாகிறது.

பின்னணி இசையை ஒருமுறை முழுவதுமாக நிறுத்திவிட்டுப் பாருங்கள். நம் அனுதாபத்தின் பெரும்பகுதி வயலினிலிருந்து வந்தது என்பது அப்போது தெரியவரும். விளிப்புச் சொற்களையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் 'மக்கா' என்று அழைப்பவர் வாஞ்சையோடும் அழைப்பார், ஒன்றை வாங்கிக்கொள்ளப் போகும்போதும் அழைப்பார், அந்த வேறுபாட்டைக் காது மட்டுமே பிடிக்கும். நடிகர் மீதுள்ள அன்பையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த ஒரு நடிகர் கொலைகாரனாக நடித்த ஒரு படத்தை, அவர் குற்றமற்றவர் என்றே நான் பல ஆண்டுகள் வாசித்துக்கொண்டிருந்தேன். முதல் பத்தியில் அவருக்கு எதிராக இருந்த காட்சிகளை நான் பார்க்காமலில்லை. அவற்றுக்கு ஒவ்வொன்றாகச் சமாதானம் தேடிக்கொண்டிருந்தேன். அந்த நடிகருக்குப் பதிலாக, முகம் தெரியாத ஒருவர் அதே வசனங்களைப் பேசினால் நம்புவேனா என்று கேட்டுக்கொண்ட நாளில்தான் அந்தப் பிடி தளர்ந்தது.

சேர்ந்து பார்ப்பவர்கள் விவாதிக்கும்போது, ஒவ்வொருவரும் தம் வாசிப்பைச் சொல்வதற்கு முன், அதற்கு எதிராக நிற்கும் ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும் என்று எங்கள் மாடியில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். பேச்சு முன்போல் சூடாகவே இருக்கிறது, ஆனால் படத்தை விட்டு விலகுவதில்லை. பூ வியாபாரியின் காட்சியையும் அவர்களிடம் சொல்லி, மனைவியின் கேள்விக்கு என்ன பொருள் என்று கேட்டேன். கூட்டாளியின் கதையை அவர் நம்பிவிட்டார், அதனால்தான் கணவரின் கடைசி விருப்பப்படி மீதியைக் கேட்கிறார் என்றார் ஒருவர். நம்பவே இல்லை, பொய்க்குக் கூட்டாளியின் கையாலேயே விலைகொடுக்க வைக்கிறார் என்றார் இன்னொருவர். தோவாளைச் சந்தையில் வளர்ந்த மூன்றாமவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, தம் குடும்பத்துக் கடையில் சாக்குக் காசு ஒருபோதும் நோட்டில் ஏறியதில்லை, அது அன்றன்றே கையில் வாங்கும் காசு என்றார். அப்படியானால் பக்கம் கிழிந்திருந்தாலும் கிழியாதிருந்தாலும் அந்தப் பெண் அதைக் கேட்டிருப்பார்; அவர் கேள்வி கிழிந்த பக்கத்தைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. நோட்டுப் புத்தகத்தின் இரண்டாம் பத்தியில் அந்த வரியை எழுதி, எதிரே நான் போட்டிருந்த இரண்டு விளக்கங்களையும் அன்றிரவு அடித்துவிட்டேன்.